சனிக்கிழமை மீன்கள்

விலங்கியல் வாத்தியார் ஒருவர் வீட்டில் நான் வைத்துக் கொடுத்த தொட்டியில் வாரம் ஒரு மீன் செத்தது. வாத்தியாருக்குத் தெரியாமல் வாரம் ஒரு மீனை மாற்றி வைத்தேன். இரண்டாயிரத்து எட்டில் நான் ஒழுங்காக, நேரம் தவறாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

அப்போது கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு வண்ண மீன் கடையில் இருந்தேன். வேலையும் அங்கே, படுக்கையும் அங்கே. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டபின் காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைத்தேன். கொட்டைப் பால் பட்டு உள்ளங்கைத் தோல் இரண்டு தடவை உரிந்தது. மூன்றாம் தடவைக்குக் காத்திருக்காமல் அண்ணாமலை நகருக்குப் போய், மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் சுமந்தேன். அவர்கள் மோட்டார் போட்டார்கள், நான் இறங்கி வந்துவிட்டேன். பிறகு புவனகிரியில் நெல் லாரிக்கு கிளீனர். இத்தனை ஊரிலும் எனக்கென்று பூட்டித் திறக்க ஒரு கதவு வாய்க்கவில்லை. லாரிக்குக் கதவு இருந்தது; அது சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது.

மீன் கடையில் இருபது தொட்டிகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுப்பேன். காற்று மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வண்டு போல ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் போய் அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

கடை ஓனர் சிதம்பரத்திலும் கிளை போட நினைத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷட்டர் வைத்த ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தார். முன்னால் ஆறு தொட்டி வைக்கலாம். பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க இடமும், அதற்குத் தனியாக ஒரு கதவும், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் உண்டு. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் தாழ்ப்பாளை இரண்டு மூன்று தடவை போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தேன்.

"வாத்தியார் வீட்டுத் தொட்டிதான் சிதம்பரத்துல நாம வைக்கிற மொத தொட்டி" என்றார் ஓனர். "ஒரு மாசம் ஒரு கம்ப்ளைண்டு வராம ஓடட்டும். இந்த ரூம நீயே பாத்துக்க. வந்துதுன்னா என் மச்சான் வீட்ல சும்மாதான் குந்திக்கினு இருக்கான்."

அந்த மச்சானை எனக்குத் தெரியும். பைட்டர் மீன் இரண்டை ஒரே தொட்டியில் விட்டுவிட்டு, இரண்டும் பழகிக்கொள்ளும் என்று சொன்னவன்.

வாத்தியார் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தினார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் புது வீடு கட்டியிருந்தார்கள். தொட்டி அவர் மனைவியின் ஆசை. அவருக்குப் பிடித்தம் இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா மீன அறுத்துக் காட்டித்தான் சம்பளம் வாங்குறேன். வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சிலதான் முழிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா குரலைத் தணித்தார். "தம்பி, ஒரு மீன் செத்தாக்கூட தொட்டிய எடுத்துட்டு அந்த எடத்துல புஸ்தக அலமாரி போட்டுடுவேன்னு சொல்லியிருக்காரு. ஆசாரி வந்து அளவே எடுத்துட்டுப் போயிட்டான்."

"நான் வச்ச தொட்டில மீன் சாவாது அக்கா" என்றேன். அதுவரை நான் தனியாக வைத்த தொட்டி எதுவும் கிடையாது என்பதால் அது பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அது. இரண்டடித் தொட்டி, அடியில் கூழாங்கல், ஐந்து தங்க மீன்கள். ஒன்றுக்கு நெற்றியில் கறுப்புப் பொட்டு. ஒன்றுக்கு வெள்ளை வால். மற்றவை வெறும் ஆரஞ்சு. காற்று மோட்டாரை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. மோட்டார் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாக இறங்கி மோட்டாருக்குள் போய்விடும். அந்த வருஷம் கரண்ட் போகாத நாள் ஏது? ஹாலில் இருந்த பிளக்கில் எல்லாம் டிவியும் பிரிட்ஜும் ஏறியிருந்தன. தொட்டிக்குப் பக்கத்திலேயே சுவருக்குள் கதவு வைத்த சாமி அலமாரி. மேல் தட்டில் விளக்குச் சரத்துக்காக ஒரு பிளக் காலியாக இருந்தது. மோட்டாரை அங்கே, படத்துக்குப் பின்னால் வைத்து, குழாயைக் கதவு இடுக்கு வழியாகத் தொட்டிக்கு இறக்கினேன். மோட்டாரே கண்ணுக்குத் தெரியவில்லை.

"சாமிகிட்டயே இருக்கட்டும், நல்லதுதான்" என்றார் அக்கா. எனக்கும் என் மூளையை நினைத்து ஒரே சந்தோஷம்.

ஆறு நாள் கழித்து, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் செல்போன் அடித்தது.

"தம்பி, பொட்டு வச்சது கவுந்து கெடக்குது."

"சார் பாத்துட்டாரா?"

"வாக்கிங் போயிருக்காரு. முடிச்சிட்டு டீக்கடைல ஒக்காந்து பேசிட்டு எட்டரைக்குத்தான் வருவாரு."

கடைத் தொட்டியில் வலையை விட்டுத் தேடினேன். நெற்றியில் பொட்டு உள்ளது ஒன்றுகூட இல்லை. முதுகில் பொட்டு உள்ளது ஒன்று கிடைத்தது. தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் கவரில் அதைப் போட்டுக் காற்றடைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் கவரைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாடா இது, இதுக்கு டிக்கெட்டு எடுத்தியா?"

"அஞ்சு வயசு ஆவல அண்ணே."

"நின்னுக்கினு வருதே, சீட்டு வேணுமா கேளு" என்று சொல்லி, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் பார்க்கும்படி கவரைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஒரு குழந்தை அதைக் கேட்டு அழ ஆரம்பித்து, பரங்கிப்பேட்டை முட்லூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தது.

எட்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். செத்ததை எடுத்து என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி, உயிருள்ளதை விட்டேன். வாத்தியார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, இவ்ளோ காலைலயே?"

"சர்வீஸ் சார். வாரா வாரம் உண்டு."

அவர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். "இதுக்குப் பொட்டு நெத்தில இல்ல இருந்துது?"

"வளர வளர பின்னாடி நவுரும் சார்."

விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கிய மனிதரிடம் எட்டாவது முடிக்காதவன் இதைச் சொன்னேன். அவர் "ஓகோ" என்று உள்ளே போய், நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்து அதில் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதி வைத்துக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஊர் திரும்பும் வரை பெருமையாக இருந்தது.

பெருமை இருந்தாலும் மீன் ஏன் செத்தது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் போனிலேயே வைத்தியம் பார்த்தேன்.

"குழாத் தண்ணிய அப்பிடியே ஊத்துனீங்களா அக்கா? அதுல மருந்து கலந்திருப்பான்."

"இல்லப்பா, நீ சொன்ன மாதிரி ஒரு நாள் பக்கெட்டுல புடிச்சி வச்சிதான் ஊத்துறேன்."

"தீனி?"

"மூணு வேளையும் போடுறேன். வெள்ளிக்கிழமை மட்டும் கூட ஒரு தடவ போட்டேன். பாவம், மேல வந்து வாயத் தொறந்து தொறந்து கேக்குதுங்க."

"அக்கா, அது சோறு கேக்கல. மூச்சு கேக்குது."

"அய்யய்யோ" என்றார் அக்கா.

தீனியை ஒரு வேளை ஆக்கினோம், அதுவும் ஒரு சிட்டிகை. மிச்சம் தின்னாமல் கிடந்தால் எடுத்துவிடச் சொன்னேன். கொஞ்சம் கல் உப்புப் போடச் சொன்னேன். புதுத் தொட்டியில் தண்ணீர் பழுக்க ஒரு மாதம் ஆகும், அதுவரை மீன் நோஞ்சானாகத்தான் இருக்கும் என்பது கடையில் கற்ற பாடம். தண்ணீர் எப்படிப் பழுக்கும் என்று அக்கா கேட்டார். எனக்கும் தெரியாது. பழுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் சனிக்கிழமை வெள்ளை வால் செத்தது. கடையில் வெள்ளை வால் ஒன்று இருந்தது. ஆனால் அந்த வால் புடவை முந்தானை மாதிரி நீளம். வேறு வழியில்லை. வாத்தியார் அதைப் பார்த்து, "வால் நல்லா வளந்திருக்கே" என்றார்.

"உப்பு போட்டோம் சார், அதான்."

நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் நேரில் போய் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். ஜன்னல் வெயில் தொட்டியில் விழாமல் அட்டை வைத்தேன். சாயம் உரிந்த ஒரு பிளாஸ்டிக் கோட்டையை எடுத்து வெளியே போட்டேன். மீன்கள் துள்ளி விளையாடின. வெள்ளிக்கிழமை மத்தியானம்கூட அக்கா போன் போட்டு, "எல்லாம் ராஜா மாதிரி இருக்குதுங்க" என்றார். மூன்றாம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ராஜாக்களில் ஒருவர் போய்விட்டார்.

கடையிலும் நிலைமை சரியில்லை. "தங்க மீன்ல மூணு கொறையுதேடா?" என்றார் ஓனர்.

"பூனை வருதுண்ணே."

"மூடி போட்ட தொட்டிலயா?"

"கெட்டிக்காரப் பூனைண்ணே."

ஓனர் என்னையே பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார். அதை நானே அடித்தேன்.

மூன்று சாவும் சனிக்கிழமைதான் என்பதை முதலில் சொன்னது அக்காதான். "சனி பகவானுக்கு எள்ளு வெளக்கு போடட்டுமா தம்பி?"

"போட்டு வைங்க அக்கா, எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மீனுக்குக் கிழமை தெரியாது. சனிக்கிழமை காலையில் சாகிறது என்றால் வெள்ளிக்கிழமைதான் அதற்கு ஏதோ நடக்கிறது. திரும்பப் போன் போட்டேன்.

"வெள்ளிக்கெழம வீட்ல இன்னா அக்கா பண்றீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? எல்லா வீட்லயும் பண்றதுதான். வீடு கழுவுவோம், தலைக்குக் குளிப்போம், வெளக்கேத்துவோம்."

வீடு கழுவும் பினாயில்தான் என்று முடிவு கட்டினேன். நான்காம் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு மாதம் முடிகிறது. அன்றைக்கு ஓனர் வாத்தியாருக்குப் போன் போட்டு விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார். இன்னொரு மீன் மாற்றலாம் என்றால் ஜன்னலுக்கு வலை வேறு அடித்தாகிவிட்டது. பூனையின் மேல் பழி போட முடியாது.

அக்கா வீடு கழுவினார். வெறும் தண்ணீரும் கொஞ்சம் மஞ்சளும். ஒரு சொட்டு பினாயில் இல்லை. தொட்டிப் பக்கம் துடைப்பம்கூடப் போகவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு போட்டார், முருங்கைக்காய்க் குழம்பு. மீன்கள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் அவற்றின் எதிரில் நாற்காலி போட்டுப் போலீஸ்காரன் போல உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை தூங்கிவிட்டேன்.

சாயந்தரம் ஆறு மணிக்கு அக்கா ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கையில் தூபக்காலோடு வந்தார். கொட்டாங்கச்சி நெருப்பு நன்றாகக் கனிந்திருந்தது. அதில் சாம்பிராணியை அள்ளித் தூவி, ஒவ்வொரு அறையாகக் காட்டிவிட்டு, துண்டை அவிழ்த்துக் கூந்தலுக்கும் காட்டினார். கடைசியில் சாமி அலமாரிக்கு வந்தார். தூபக்காலைக் கீழ்த் தட்டில் வைத்து, இன்னும் இரண்டு பிடி போட்டு, அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"ஏன் அக்கா கதவ சாத்துறீங்க?"

"உள்ளயே நின்னாதான் படத்துக்கெல்லாம் நல்லா ஏறும். கரையான், பூச்சி எதுவும் வராது. நெருப்பு அணையிற வரைக்கும் அப்பிடியே உட்டுடுவேன்."

நான் தொட்டியைப் பார்த்தேன். குழாய் முனையிலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தன. மேலே வந்து உடைந்த ஒவ்வொரு குமிழியிலிருந்தும் ஒரு சிட்டிகை வெள்ளைப் புகை எழுந்தது. தண்ணீர் பீடி குடிப்பது போல இருந்தது.

அலமாரிக்குள் இருக்கும் காற்றைத்தான் மோட்டார் இழுக்கும். அலமாரிக்குள் இப்போது இருப்பது முழுக்கப் புகை. வெள்ளிக்கிழமை தவறாமல் நாங்கள் மீன்களுக்குச் சாம்பிராணி போட்டிருக்கிறோம். ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாரு, இப்பதான் கேக்குதுங்க" என்றார் அக்கா.

நான் கதவைத் திறந்து, இருமிக்கொண்டே மோட்டாரைப் பிடுங்கினேன். அக்கா டிவி பிளக்கை உருவினார். மோட்டாரை ஜன்னல் திட்டில் வைத்து ஓட விட்டேன். பிறகு இரண்டு பேருமாகத் தொட்டியில் பாதித் தண்ணீரை வாரி ஊற்றி, பக்கெட்டில் பிடித்து வைத்திருந்ததை நிரப்பினோம். ஹால் முழுக்கத் தண்ணீர். நான் ஸ்டூல் மேல் நனைந்துபோய் நிற்கிறேன். அக்கா தலைவிரி கோலமாகக் கையில் பக்கெட்டோடு நிற்கிறார். வீடு முழுக்கப் புகை. அப்போதுதான் வாத்தியார் கல்லூரியிலிருந்து வந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"சர்வீஸ்" என்றார் அக்கா.

வாத்தியார் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நேராக நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தைப் புரட்டி, வகுப்பில் வருகைப் பதிவு படிப்பது போலப் படித்தார். "மொத சனி. நெத்திப் பொட்டு மீன் காணோம், முதுகுப் பொட்டு மீன் வரவு. ரெண்டாம் சனி. வெள்ளை வால், ஒரே ராத்திரியில ரெண்டு அங்குலம் வளர்ச்சி. மூணாம் சனி. ஆரஞ்சு மீன் ஒண்ணுக்குப் புதுசா ஒரு கண்ணு பெருசு." நோட்டை மூடினார். "இருபத்திரண்டு வருஷம் மீன் அறுத்தவன்பா நானு."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப மொத நாளே தெரியுமா? ஏன் சொல்லல?"

"அடுத்த வாரம் எதக் கொண்டாருவான்னு பாக்கணும்னு ஆசையா இருந்துது." என் பக்கம் திரும்பினார். "ஆனா ஏன் சாவுதுன்னு எனக்கும் புடிபடல. புதுத் தொட்டி, கழிவ மாத்துற பாக்டீரியா இன்னும் வளரலன்னு நெனச்சேன்."

"தண்ணி பழுக்கல சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஆனா இது அது இல்ல சார்" என்று புகை விஷயத்தைச் சொன்னேன். அவர் அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். குழாயின் வழியை விரலால் தொட்டுக்கொண்டே தொட்டி வரை வந்தார். பிறகு கேட்டார்: "மோட்டார அங்க வச்சது யாரு?"

சாமிகிட்டயே இருக்கட்டும் என்று சொன்னது அக்கா. அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அக்காவும் அதை நினைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தார் போலிருக்கிறது. சிதம்பரத்து ரூமின் தாழ்ப்பாள் ஒரு தடவை மனசுக்குள் விழுந்தது. ஆனால் அன்று மத்தியானம் அந்தக் கையால் போட்ட முருங்கைக்காய்க் குழம்பின் வாசனை இன்னும் என் விரலில் இருந்தது.

"நான்தான் சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை எந்த மீனும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் ஓனர் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கம்ப்ளைண்டு ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்" என்றார்.

"மொத நாள் உங்க கடைப் பையன் அஞ்சு மீன் விட்டான். இன்னைக்கும் அஞ்சு மீன் இருக்குது" என்றது வாத்தியார் குரல். "தெனம் எண்ணி எழுதி வச்சிருக்கேன். வேணும்னா நோட்ட அனுப்பட்டுமா?"

ஓனர் போனை வைத்தார். மேசை டிராயரைத் திறந்து ரூம் சாவியை என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கினு போ. அந்தப் பூனையையும் கூடவே கூட்டிக்கினு போயிடு."

சிதம்பரம் ரூமில் முதல் வாரம் முழுக்க, தேவை இருக்கிறதோ இல்லையோ, பின்கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மோட்டார்களை ஜன்னல் பக்கம் வைத்தேன். கொசுவர்த்தி மட்டும் வாங்கவில்லை. கடித்தால் கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் ஷட்டரை யாரோ விரலால் தட்டினார்கள். திறந்தால் வாத்தியார். கையில் மூடிய சாப்பாட்டு டப்பா. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து டப்பாவைத் திறந்தார். முதுகில் பொட்டு வைத்த மீன், மல்லாந்து கிடந்தது.

"அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. கொசு ஜாஸ்தியா இருக்கேன்னு நேத்து மருந்து அடிச்சேன். ஜன்னல் பக்கம்தான் ஜாஸ்தி அடிச்சேன். மோட்டார் அங்க இருக்கறது ஞாபகம் வரல."

"ஒரு மீன் செத்தாக்கூட புஸ்தக அலமாரி போட்டுடுவேன்னு சொன்னீங்களே சார்?"

"அதெல்லாம் அப்புறம். சாயந்தரம் பஸ்ஸுல வந்துடுவா. இதே மாதிரி ஒண்ணு எடு."

ஆறு தொட்டியிலும் தேடினேன். முதுகில் பொட்டு உள்ளது இல்லை. வாலோரத்தில் பொட்டு உள்ளது ஒன்றுதான் இருந்தது. அதைக் கவரில் பிடித்துக் காட்டினேன். "பொட்டு வால்கிட்ட இருக்குதே சார். அக்கா கண்டுபுடிச்சிடுவாங்களே?"

வாத்தியார் கவரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ரொம்ப நேரம் ஆராய்ந்தார்.

"வளர வளர பின்னாடி நவுரும்" என்றார்.